கணவனை விட்டு விலக மார்க்கத்தை விட்டு விலகியவர்கள்



நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அஸர் தொழுகைக்குப் பின், மதரஸா வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்து நின்றார். எங்களிடம் ஓதும் ஒரு சிறுமியின் தாய். கணவர் சவூதிக்குப் பிழைக்கச் சென்று, முதல் ஆண்டு ஒழுங்காகப் பணம் அனுப்பினார். பிறகு அது குறைந்தது, பிறகு நின்றது. தொலைபேசி எண் மாறிவிட்டது. தம்மாமில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டன. ஜமாஅத்தில் மனுக் கொடுத்தபோது பொறுமையாக இருக்கச் சொன்னார்களாம். "மார்க்கத்துல எனக்கு ஒரு வழியுமே இல்லையா, ஹஜ்ரத்? மார்க்கமே கையை விரிச்சுட்டா நான் எங்கே போவேன்?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? துஆச் செய்யுங்கள், நானும் செய்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதில் தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. அதே வாரத்தில்தான் மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தலாக் பாடத்தில், காணாமற்போன கணவனின் மனைவி பற்றிய சட்டத்தை, இமாம்களின் கருத்து வேறுபாடுகளோடு விளக்கியிருந்தேன். பாடமாக இருந்தபோது சரளமாக வந்த சொற்கள், ஒரு பெண் எதிரே நின்று கேட்டபோது வரவில்லை. ஜமாஅத் நிர்வாகிகளை மீறிப் பேசத் துணிவில்லை என்பதுதான் உண்மை. "நான் எங்கே போவேன்" என்ற அவருடைய கேள்விக்கு, ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பு பஞ்சாபில் சில முஸ்லிம் பெண்கள் செயலால் விடை சொன்னார்கள். அந்த வரலாறு நம் வீடுகளில் பேசப்படுவதில்லை. அதை எழுதவே இக்கட்டுரை.

முதலில் மதீனாவுக்குச் செல்ல வேண்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சுப்ஹுத் தொழுகைக்காக வீட்டிலிருந்து வெளியே வருகிறார்கள். இன்னும் இருள் விலகவில்லை. வாசலில் ஒரு பெண் நிற்கிறார். யாரென்று கேட்கிறார்கள். ஸஹ்லின் மகள் ஹபீபா என்கிறார் அவர். என்ன செய்தி என்று கேட்டபோது, தாமும் தம் கணவர் ஸாபித் பின் கைஸும் இனிச் சேர்ந்திருக்க இயலாது என்று தெரிவிக்கிறார். ஸாபித் (ரழி) வந்ததும், ஹபீபா சொன்னதை நபி (ஸல்) அவர்கள் அவரிடம் எடுத்துரைக்கிறார்கள். அவர் தந்தவையெல்லாம் தம்மிடமே இருப்பதாக ஹபீபா சொல்ல, அவற்றைப் பெற்றுக்கொள்ளுமாறு ஸாபித்துக்கு நபி (ஸல்) அவர்கள் பணிக்கிறார்கள். ஹபீபா தம் குடும்பத்தார் வீட்டுக்குச் சென்றுவிடுகிறார்.

ஸாபித்தின் மனைவி பற்றிப் புகாரியில் வரும் அறிவிப்பில், கணவரின் மார்க்கப்பற்றிலோ குணத்திலோ தமக்குக் குறையில்லை என்று அப்பெண்மணி கூறுவதாகவும், மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாரா என்று மட்டும் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும் உள்ளது. ஸாபித் மனைவியை அடித்துக் காயப்படுத்தினார் என்னும் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. இவை ஒரே நிகழ்ச்சியா, இருவேறு மனைவியரின் நிகழ்ச்சிகளா என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் நெடுக ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஸாபித் பின் கைஸ் (ரழி) சாதாரண மனிதர் அல்லர். அன்ஸாரிகளின் நாவலர், சொர்க்கவாசி என்று நபி (ஸல்) அவர்களின் வாயாலேயே நற்செய்தி பெற்றவர், யமாமா போரில் ஷஹீதானவர். அத்தகையவரோடு வாழ விருப்பமில்லை என்று ஒரு பெண் வந்து சொன்னபோது, இவரைவிட நல்ல கணவர் உனக்கு எங்கே கிடைப்பார் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைய நம் பஞ்சாயத்துகளில் முதலில் எழும் கேள்வியே அதுதான்.

பரீரா (ரழி) அவர்களின் செய்தியும் புகாரியில் இருப்பதே. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். விடுதலையானதும், அடிமைக் காலத்து மணவாழ்வைத் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. விடத் தீர்மானித்தார். கணவர் முகீஸ் மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னாலேயே திரிந்தார். அந்தக் காட்சியைக் கண்டு மனமிளகிய நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் கேட்டார்கள். பரீரா ஒரு கேள்வி கேட்டார்: இது தங்கள் கட்டளையா? கட்டளை அன்று, பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையை ஒரு முன்னாள் அடிமைப்பெண் மறுத்தார். அதற்காக அவரை ஈமான் குறைந்தவர் என்று ஒருவரும் பழிக்கவில்லை. இந்த ஹதீஸை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

தம் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த திருமணத்தை நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டு நீக்கிக்கொண்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். கணவரின் ழிஹார் பற்றி வாதாடி, அல்முஜாதலா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கக் காரணமான கவ்லா (ரழி) அவர்களையும் நாம் அறிவோம். தொல்லை தரும் நோக்கத்தோடு மனைவியரைத் தடுத்து வைக்காதீர்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 231ஆம் வசனம் தரும் கட்டளை.

இவ்வளவு தெளிவான அடித்தளம் இருந்தும், பின்வந்த சட்ட மரபில் பெண்ணுக்கான வாசல் எல்லா மத்ஹபுகளிலும் ஒரே அகலத்தில் அமையவில்லை. 'குல்உ' என்பது இரு தரப்பாரும் இசைந்து செய்யும் ஒப்பந்தம், ஆகவே கணவனின் சம்மதம் வேண்டும் என்று பெரும்பான்மையான ஃபுகஹாக்கள் கொண்டார்கள். சம்மதிக்காத கணவன், காணாமற்போன கணவன், சோறு போடாத கணவன் ஆகியோரின் மனைவிக்குக் காழியின் தீர்ப்பால் மணமுறிவு வழங்கும் 'ஃபஸ்ஹ்' முறையில்தான் இமாம்கள் வேறுபட்டார்கள்.

இதில் மாலிகி மத்ஹப் மிக விரிந்தது. கணவன் செலவுக்குத் தராவிட்டால், துன்புறுத்தினால், நெடுங்காலம் விட்டுச் சென்றால், மனைவி காழியிடம் சென்று பிரிவு பெறலாம். தம்பதியரிடையே அனுப்பப்படும் இரு நடுவர்கள், தேவையெனக் கண்டால் கணவனின் ஒப்புதலின்றியே பிரித்து வைக்கலாம். காணாமற்போனவரின் மனைவி 4 ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் 4 மாதம் 10 நாள் இத்தா இருந்து மறுமணம் செய்துகொள்ளலாம் என்பது உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு. அதையே இமாம் மாலிக் ஏற்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், செலவுக்குக் கொடுக்க வக்கற்ற கணவனிடமிருந்து ஃபஸ்ஹ் பெற வழி உண்டு. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு இது புதிதாக இராது.

ஹனஃபி மத்ஹபில் கணவனின் ஆண்மைக் குறைவு, சிறுவயதில் முடிக்கப்பட்ட மணத்தைப் பருவமடைந்ததும் மறுக்கும் உரிமை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே காழி பிரிக்கலாம். காணாமற்போன கணவன் விஷயத்தில், அவனுடைய சமவயதினர் இறக்கும் வரை மனைவி காத்திருக்க வேண்டும். பிற்கால அறிஞர்கள் பலர் இதைக் கணவன் பிறந்ததிலிருந்து 90 ஆண்டுகள் எனக் கணக்கிட்டார்கள். 30 வயதில் ஒருவன் மறைந்தால் மனைவிக்கு 60 ஆண்டு காத்திருப்பு. எங்கள் ஊர் ஹனஃபி ஊர், நானும் ஹனஃபிதான். என் மத்ஹபின் இமாம்கள் மீது எனக்குள்ள மதிப்பு குறைவுபட்டதல்ல. ஒருவர் மரணம் உறுதியாகாதவரை அவருடைய சொத்தையும் மணத்தையும் காக்க வேண்டும் என்ற பேணுதலில் பிறந்த கருத்து அது. மேலும், நெருக்கடி நேரும் இடத்தில் மாலிகி மத்ஹபின்படி ஃபத்வா கொடுத்தால் குற்றமில்லை என்று பிற்கால ஹனஃபிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். 1836இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் ரத்துல் முஹ்தாரில் இதைக் காணலாம். பல மத்ஹபுகளின் காழிகள் அருகருகே இருந்த நகரங்களில், ஒரு வாசல் அடைத்திருந்தால் இன்னொரு வாசல் இருந்தது.

இந்தியாவில் அந்த இன்னொரு வாசல் இல்லாமற்போனது. ஆங்கிலேயர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹனஃபி நூலான ஹிதாயாவை ஒரு பாரசீக மொழியாக்கத்தின் வழியே ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து 1791இல் வெளியிட்டார்கள். நூற்றாண்டுகளாக உரைகளும் ஃபத்வாக்களுமாக வளர்ந்துவந்த ஒரு சட்ட மரபு, நீதிமன்ற மேசையில் ஒற்றைப் புத்தகமாகச் சுருங்கியது. 1864இல் நீதிமன்றங்களிலிருந்த காழி, முஃப்தி பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் காழிகளை மறுபடி நியமிக்க வழிசெய்தது. ஆனால் நிகாஹ் முதலிய சடங்குகளுக்காக மட்டும். தீர்ப்பளிக்கும் அதிகாரம் எதையும் அது தரவில்லை. இன்றுவரை நம் நாட்டில் அரசு நியமிக்கும் காழிகளின் நிலை இதுதான்.

இந்த நிலையில் பஞ்சாபின் முஸ்லிம் பெண்களில் சிலர் ஒரு வழியைக் கண்டார்கள். அதைச் சொல்லவே நா கூசுகிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் இஸ்லாத்தைத் துறந்தால் நிகாஹ் அக்கணமே முறிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து. நீதிமன்றத்தில் கணவனின் கொடுமையை எடுத்துச் சொன்னால் செவி சாய்க்கச் சட்டமில்லை. நான் இப்போது முஸ்லிம் அல்ல என்று சொன்னால் மணம் முறிந்ததாக அறிவிக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே அவர்கள் அதைச் சொன்னார்கள். கிறிஸ்தவத்தை ஏற்றதாகச் சொன்னவர்கள் உண்டு.

ஃபிக்ஹு நூல்களில் இச்சட்டத்துக்கு ஒரு மறுபாதி இருந்தது. மதம் மாறிய மனைவியைத் தடுத்து வைத்து, மீண்டும் இஸ்லாத்துக்குக் கொண்டுவந்து, சிறு மஹருடன் அதே கணவனுக்கே மறுபடி மணமுடிக்க வேண்டும் என்பது. ஆங்கிலேய ஆட்சியில் அந்த மறுபாதிக்கு இடமேது? முதல் பாதி மட்டும் நின்றது. இது நீதிமன்றத்தின் குறை என்று சொல்லி நம் முன்னோர் சிலர் ஆறுதல் அடைந்தார்கள். நான் அப்படி ஆறுதல் அடைய முடியவில்லை. மறுபாதியும் நடைமுறையில் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் எதிலிருந்து ஓடினார்களோ அதற்குள்ளேயே திருப்பித் தள்ளப்பட்டிருப்பார்கள்; அவ்வளவே.

இந்த அவலத்தைச் சமுதாயத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர்களுள் அல்லாமா இக்பாலும் ஒருவர். அவருடைய புகழ்பெற்ற உரைத்தொடர் சென்னையின் முஸ்லிம் சங்கம் கேட்டுக்கொண்டதால் உருவானது என்பதை நம் இளைஞர்கள் எத்தனை பேர் அறிவார்கள்? தமிழ் முஸ்லிம்களின் பெருவணிகரான ஜமால் முகமது சாகிபின் ஆதரவில் அந்த ஏற்பாடு நடந்தது. திருச்சிக் கல்லூரியின் பெயரில் இன்றும் வாழ்பவர் அவரே. 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து அவற்றுள் மூன்று உரைகளை இக்பால் நிகழ்த்தினார். 1930இல் நூலாக வந்தபோது, இஜ்திஹாத் பற்றிய ஆறாவது உரையில், பஞ்சாபின் பெண்கள் வேண்டாத கணவர்களிடமிருந்து விடுபட மதத்தையே துறக்கும்படி தள்ளப்படுவதை எடுத்துக்காட்டினார். ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்று தீனைக் காப்பது என்று இமாம் ஷாத்திபி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். ஹிதாயாவின் இந்த விதி இன்றைய சூழலில் தீனைக் காக்கிறதா என்பதே இக்பால் எழுப்பிய வினா.

இக்பால் கவிஞர், மேலைக் கல்வி கற்றவர், அவர் அப்படித்தான் பேசுவார் என்று ஒதுக்குவது அன்றைய உலமாக்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்து எழுந்த குரலை அப்படி ஒதுக்க இயலவில்லை.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்களை (1863–1943) நம்மில் பலர் 'பிஹிஷ்தீ ஸேவர்' நூலின் ஆசிரியராக அறிவோம். வட இந்தியாவில் மணப்பெண்ணின் சீர்வரிசையோடு வைத்துக் கொடுக்கப்படும் நூல் அது. பர்தா, வீட்டு ஒழுங்கு, கணவனுக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றில் அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு அந்நூலே சாட்சி. பெண்ணியவாதி என்று அவரைச் சொன்னால் தானாபவனில் உள்ள கப்ரிலும் அவருக்குப் பொறுக்காது. 1913இல் இக்கேள்வி அவரிடம் வந்தபோது, மதம் மாறினால் நிகாஹ் முறியும் என்ற வழக்கமான ஹனஃபி ஃபத்வாவையே அவரும் கொடுத்தார்.

பிறகு அவரிடம் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள், மனநோயுற்றவனோடு கட்டப்பட்ட பெண்கள், பட்டினி போடப்பட்ட பெண்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், 1930களின் தொடக்கத்தில், தம் மாணாக்கர்களான முஃப்தி முஹம்மது ஷஃபீ, முஃப்தி அப்துல் கரீம் ஆகியோரின் துணையோடு ஒரு நூலை வெளியிட்டார்: 'அல்ஹீலதுன் நாஜிஸா லில் ஹலீலதில் ஆஜிஸா'. கதியற்ற மனைவிக்கு வெற்றி தரும் உபாயம் என்பது பொருள். அந்தத் தலைப்பிலுள்ள 'ஆஜிஸா' என்னும் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதரஸா வாசலில் நின்ற அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

அந்நூலை அவர் எழுதிய முறை இன்றைய நமக்கு ஒரு பாடப்புத்தகம். நெருக்கடியில் வேறு மத்ஹபைப் பின்பற்றலாம் என்ற பழைய விதியை எடுத்துக்கொண்டார். ஆனால் ஹனஃபி நூல்களில் இருக்கும் மாலிகிக் கருத்தின் சுருக்கத்தை நம்பி எழுத அவர் துணியவில்லை. மதீனாவில் இருந்த மாலிகி முஃப்திகளுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். பதில் வந்தது, ஐயம் எழுந்தது, மறுபடி எழுதினார். அந்த ஃபத்வாக்களை நூலோடு இணைத்தார். தேவ்பந்த், ஸஹாரன்பூர் உலமாக்களின் பார்வைக்கு வைத்து அவர்களின் ஒப்புதலையும் பெற்றார்.

காணாமற்போனவரின் மனைவிக்கு 90 ஆண்டு இல்லை, வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதிலிருந்து 4 ஆண்டு என்றார். சக்தியிருந்தும் செலவுக்குத் தராதவனின் மனைவிக்குப் பிரிவு உண்டு என்றார். முஸ்லிம் காழி இல்லாத நாட்டில் யாரிடம் போவது என்ற கேள்விக்கு, நேர்மையும் மார்க்க அறிவும் உடைய குறைந்தது மூன்று முஸ்லிம்கள் அடங்கிய குழு காழியின் இடத்தில் நின்று விசாரித்துத் தீர்க்கலாம் என்ற மாலிகிச் சட்டத்தைக் காட்டினார். மதம் மாறுவதால் மனைவியின் நிகாஹ் முறியாது என்று பல்க், சமர்கந்து அறிஞர்கள் முற்காலத்தில் வழங்கியிருந்த ஃபத்வாவை எடுத்து, 1913இல் தாம் சொன்னதைக் கைவிட்டார். மார்க்கத்தை விட்டு வெளியேறும் வாசலை அடைத்த அதே நூலில், மார்க்கத்துக்குள்ளேயே பிரிவதற்கான வாசலைத் திறந்தும் வைத்தார். ஒன்றை மட்டும் செய்திருந்தால் அந்தப் பெண்களின் கதி என்னவாகியிருக்கும்!

அந்நூலில் இன்னொன்றும் உண்டு. 'தஃப்வீள்' எனப்படும் உரிமை ஒப்படைப்பு. இன்னின்ன நிபந்தனைகளைக் கணவன் மீறினால், மனைவி தன்னைத்தானே தலாக் செய்துகொள்ளும் அதிகாரத்தைக் கணவனே மண ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பது. இதற்கு மாலிகி மத்ஹபுக்குப் போக வேண்டியதில்லை. ஹனஃபி மத்ஹபிலேயே உள்ளது. எழுத்தில் எப்படி வாசகம் அமைக்க வேண்டும் என்ற மாதிரியைக்கூட தானவீ அவர்கள் தந்திருக்கிறார்கள்.

அரசியலிலும் அது எதிரொலித்தது. மத்தியச் சட்டசபையில் முஹம்மது அஹ்மத் காஸ்மி 1936இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஜமிய்யத்துல் உலமா அதற்குத் துணை நின்றது. 1939 மார்ச் 17இல் அது முஸ்லிம் திருமணங்கள் ரத்துச் சட்டமாக ஒப்புதல் பெற்றது. கணவன் 4 ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாதிருத்தல், 2 ஆண்டுகள் செலவுக்குத் தராதிருத்தல், 7 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை, தக்க காரணமின்றி 3 ஆண்டுகள் இல்லறக் கடமைகளைச் செய்யாதிருத்தல், கொடுமை எனப் பல காரணங்களுக்காக மனைவி நீதிமன்றத்தில் பிரிவு பெறலாம். மனைவியின் சொத்தை விற்றுவிடுவதும், அவளைத் தொழுகை முதலிய மார்க்கக் கடமைகளிலிருந்து தடுப்பதும், பல மனைவியரிடையே நீதி செலுத்தாதிருப்பதும் அச்சட்டத்தில் கொடுமையின் வகைகள். பிரிவு பெற்றாலும் மஹர் உரிமை பாதிக்கப்படாது. மதம் மாறுவது மட்டுமே மணத்தை முறிக்காது என்பது 4ஆம் பிரிவு.

உலமாக்கள் கேட்ட ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாத நீதிபதியின் தீர்ப்பால் மார்க்கப்படி ஃபஸ்ஹ் நிகழாது என்பது தானவீ அவர்களின் நிலை. ஆகவே, தங்கள் உழைப்பில் பிறந்த சட்டத்தைப் பார்த்து அவர்கள் மனநிறைவு அடையவில்லை. உலக நீதிமன்றத்தில் விடுதலையான பெண்ணை, ஊரார் இன்னும் அவன் மனைவிதானே என்று பார்க்கும் இக்கட்டு அன்று தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. இதன் எதிர்ப்பக்கத்தையும் நாம் பார்த்துவிட்டோம். தனியார் அமைப்பு வழங்கிய குல்உச் சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றி நம்மிடையே எழுந்த கோபத்தில் பாதியாவது, அந்தச் சான்றிதழைக்கூடத் தராமல் பெண்களைத் திருப்பி அனுப்பும் ஜமாஅத்துகள் மீது எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

'இஸ்லாமியப் பெண்ணியம்' என்ற சொல்லை இப்போது நம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து கொண்டுவருகிறார்கள். அச்சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. அதன் பெயரால் எழுதப்படுபவற்றுள் நான் ஏற்காதவை பல உண்டு. ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் சீறுகிறவர்களைப் பார்த்தால், இருட்டில் வாசலில் வந்து நின்ற ஹபீபா (ரழி) அவர்களை இவர்கள் என்ன பெயர் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, அந்தப் பெண்ணின் செய்திக்கு வருகிறேன். அவர் வந்து சென்ற நான்காம் நாள், நானே என் மனைவியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு வழக்கறிஞர் மூலம் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கப்பட்டது. தீர்ப்பு வர 19 மாதங்கள் ஆயின. ஜமாஅத் தலைவர் என்னோடு சில காலம் பேசவில்லை. பின்னர் அவரே கடிதம் எழுதி வேறு ஊர்களிலிருந்து இரண்டு ஆலிம்களை வரவழைத்தார். நான் மூன்றாமவன். நீதிமன்றத் தீர்ப்பைப் படித்து, சாட்சிகளை விசாரித்து, ஹீலதுன் நாஜிஸாவை முன்னால் வைத்துக்கொண்டு ஃபஸ்ஹை உறுதி செய்தோம். திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த அவர், இத்தாவை இன்றிலிருந்து எண்ணுவதா, நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எண்ணுவதா என்று மட்டும் கேட்டார். இன்றிலிருந்து என்றோம்.

சென்ற ஷவ்வாலில் அவருடைய தங்கைக்கு நிகாஹ் நிச்சயமானது. தஃப்வீள் எழுத வேண்டும் என்று அக்காள் பிடிவாதமாக இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். கல்யாணப் பேச்சின்போதே தலாக் பேச்சா என்றார் மாப்பிள்ளையின் பெரியத்தா. நான்கு நிபந்தனைகள் கேட்டு, பேச்சுவார்த்தையில் ஒன்றாய்க் குறைந்தது: தொடர்ந்து ஓராண்டு செலவுக்குத் தராமலோ தொடர்பில்லாமலோ இருந்தால் அவளுக்கு உரிமை. மாப்பிள்ளைப் பையன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தான். ஈஜாப் கபூல் முடிந்த பின் கையெழுத்திடுவது என்று வைத்துக்கொண்டோம். சட்டச் சிக்கல் இல்லாத முறை அதுவே.

எங்கள் மஹல்லாவின் நிகாஹ் பதிவேட்டில் இதுவரை யாரும் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே எழுதுவது என்று செயலாளர் என்னைக் கேட்டார். மஹர் தொகைக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் வெறுமையாக இருந்தது. அதைக் காட்டினேன்.